ஒன்பதாம் நம்பர்ச் சப்பாத்து

ஐம்பத்து மூன்று வயதில், வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற நான், ஒரு சோடி பழைய சப்பாத்து வாங்குவதற்காக முகக்கவசம் போட்டுக்கொண்டு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். கிருமிக்குப் பயந்தல்ல, ஊரார் கண்ணுக்குப் பயந்து.

பழைய உடுப்பு கல்முனையிலும் விற்கிறது. ஆனால் நம்மவர்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. கல்முனைக்காரன் அக்கரைப்பற்றில் வாங்குவான், அக்கரைப்பற்றுக்காரன் கல்முனையில் வாங்குவான். யாரும் பழசு என்று சொல்வதில்லை, ‘வெளிநாட்டுச் சாமான்’ என்பார்கள். எவனோ ஒரு வெள்ளைக்காரன் வியர்த்துக் கழற்றி எறிந்த சேட்டின் கொலரில் கொம்பனிப் பெயர் தெரிந்தால் போதும், பெருநாள் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்கும் தகுதி வந்துவிடுகிறது.

படங்கு விரித்துக் குவித்திருந்த உடுப்பு மலையின் மறுபக்கம், எங்கள் தெருவில் குடியிருக்கும் பாடசாலை அதிபர் குந்தியிருந்தார். அவருக்கும் முகக்கவசம். வயலில் அறுவடைக்கு வருகிற ஆட்களுக்கு இரண்டு சேட் பார்க்க வந்ததாகச் சொன்னார். கையில் பட்டுக் கழுத்துப்பட்டி. நானும் அறுவடை ஆட்களுக்குத்தான் என்றேன்.

என் விஷயம் வேறு. மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு மறுநாள் சம்மாந்துறைக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் போய்க் கேட்பது. பொறியியலாளர் மாப்பிள்ளை, மகளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவருக்கு வேறு இரண்டு இடத்திலும் பேச்சு நடந்தது. இரண்டிலும் பெண்ணுக்குக் கொடுக்கிற வீடு மாடி வீடு. என் மகளுக்கு நான் கட்டிய வீடோ இன்னும் சீமெந்துப் பூச்சைக் காணவில்லை. பூசாத சுவரைச் சப்பாத்தால் மறைக்கலாம் என்பது என் கண்டுபிடிப்பு.

சிவப்பும் வெள்ளையுமான தோல். குதியின் பின்புறம் பெரிதாக 9. “காக்கா, இது இத்தாலி. பெரிய கொம்பனிக்காரன்தான் நம்பர வெளியால அடிக்கிற,” என்றார் விற்றவர். நம்பினேன். வீட்டுக்கு வந்து மனைவிக்கு ஐரோப்பியரின் அழகுணர்ச்சி பற்றி ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். அவள் சப்பாத்தைப் பார்த்த பார்வையை அறியாமை என்று எடுத்துக்கொண்டேன்.

வாசலில் சப்பாத்தைக் கழற்றவேண்டும் என்ற சின்ன உண்மை, சம்மாந்துறையில் அந்த வாசலுக்குப் போன பிறகுதான் உறைத்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும்தான். இரண்டு குதியும் தெருவைப் பார்க்க அதை விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய் இருந்தேன்.

பேச்சு நன்றாகவே போனது. வட்டிலப்பம் வந்தது. பிறகு மாப்பிள்ளையின் சாச்சா, வாப்பாவின் தம்பி, வந்தார். பல வருடம் கட்டாரில் இருந்தவர். வாசலில் நின்று கீழே பார்த்தார்.

“இந்த ஒம்பதாம் நம்பர் ஆருட?”

என்னுடையது என்றேன். யாரும் கேளாமலே, வெளிநாட்டுச் சாமான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் கெட்ட மனிதரல்ல, அதுதான் கொடுமை. சப்பாத்தில் பழைய கூட்டாளியைக் கண்ட சந்தோஷத்தில் சபைக்கே விளங்கப்படுத்தினார். அவர் வேலை செய்த இடத்தில் கனத்த பந்தை உருட்டி மரக்கட்டைகளை விழுத்துவது விளையாட்டாம். வருகிறவர்கள் தங்கள் சப்பாத்தை ஒப்படைத்துவிட்டு இதை வாடகைக்கு எடுத்துப் போடுவார்களாம்.

“ஆரும் போட்டுக்கிட்டு ஓடாமத்தான் மச்சான் பின்னால நம்பர் அடிக்கிற. ஆறு வருஷம் நான்தான் இதுகளுக்குள்ள மணத்துக்கு மருந்தடிச்ச.”

வட்டிலப்பத்தைப் பார்த்தபடி, அக்கரைப்பற்று நடைபாதையில் வாங்கியதை ஒப்புக்கொண்டேன். இரண்டு பேர் இருமினார்கள்.

மூன்றாம் நாள் சம்மதம் என்று தகவல் வந்தது. உடனே எனக்குள் ஒரு தத்துவம் பிறந்தது: மாடி வீட்டுக்காரர்களின் பவுசை என் உண்மை தோற்கடித்துவிட்டது. நிக்காஹ் வரைக்கும் அகப்பட்டவர்களுக்கெல்லாம் அதை விரித்துரைத்தேன். நிக்காஹ் முடிந்த மறுவாரம் மாப்பிள்ளையின் உம்மாவிடமும் விரித்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுமுடித்தார்.

“உங்கட மகளப் பாத்து நாங்க முதலே ஓமெண்டு முடிவெடுத்திட்டம். அந்தச் சப்பாத்தக் கண்ட பொறகுதான் மூணு நாள் யோசிச்ச.”