பவளமக்கா வைத்த விருந்து

பவளமக்கா நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போய்விட்டா என்று அவவின் மகள் ஒக்லாந்தின் தெற்கே, தகனினியில் இருந்து போன் எடுத்தபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்துத்தான் கை கழுவினேன். செத்தவரைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவில் தங்கனீக்காவை, இப்போதைய தன்சானியாவை, வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தாருஸ்ஸலாமில் எங்கள் இருவரின் புருஷன்மாரும் துறைமுகத்தில் கிளாக்குமார். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரனுக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு அதில் குறைய, ஆப்பிரிக்கருக்கு அதிலும் குறைய. அரிசி, பால்மா விலை ஏறிக்கொண்டே போக, ஆண்கள் சம்பளத்தைக் கூட்டச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். கஷ்டம் உண்மையா என்று பார்க்க ஒரு துரை வீடு வீடாக வருவதாக இருந்தது.

அன்று காலமை பவளமக்கா என்னிடம் ஓடி வந்தா. "பிள்ளை, உன்ரை பூப்போட்ட தட்டைத் தா. உளுந்து கிடந்தால் அதையும் தா."

"துரை எங்கடை இல்லாமையைப் பார்க்கத்தானே வாறார், அக்கா?"

"அதுக்காக வீட்டுக்கு வந்தவனுக்கு வெறுந்தேத்தண்ணியோ குடுக்கிறது? சனம் என்ன கதைக்கும்?"

பவளமக்கா வீட்டில் துரை வடை தின்றார். நெய் விட்ட கேசரியும் தின்றார். ஒரு வீடு பார்த்ததே போதும் என்று திரும்பிவிட்டார். என் வாசலுக்கு வரவேயில்லை. சம்பளம் கூடவில்லை. திரும்பக் கேட்டவர்களின் வேலை போனது. என் புருஷனும் அதில் ஒருவர். கைக்குழந்தைக்குப் பால்மா இல்லாமல் கஞ்சித்தண்ணி பருக்கினேன். எங்களுக்குத் தண்ணீர் சுமந்த ஆப்பிரிக்கன் ஜுமாவிடம் சொல்லி அழுதேன்.

"உங்கள் தெருவுக்காவது ஆள் அனுப்பிக் கேட்டார்கள், அம்மா," என்றான். அடுத்த மாதம் அவனையும் நிறுத்தினோம். அதற்கும் நான் பவளமக்காவைத்தான் திட்டினேன்.

வயதான காலத்தில் நியூசிலாந்துக்கு, ஒக்லாந்துக்கு வந்தும் அவ மாறவில்லை. அங்கே ஒனிஹங்கா பக்கம் தனியாக இருந்தா. வாடகை போக ஹீட்டர் போடக் காசில்லை. வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளியும். போன குளிருக்கு, அரசாங்க உதவிப் பணத்தைக் கூட்டலாமா என்று விசாரிக்க அலுவலகத்தில் இருந்து ஒரு பெட்டை வந்தாள். நானும் அங்கே இருந்தேன். கம்பளி அலுமாரிக்குள் போய்விட்டது. ஹீட்டர் எரிந்தது. ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தா. ஏதாவது குறை உண்டா என்று பெட்டை கேட்டாள்.

"நோ, நோ. ஆல் குட். சாப்பிடு பிள்ளை."

அவள் போனதும் ஹீட்டரை நிறுத்தினா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ன அக்கா வேலை இது?"

"வந்த பிள்ளைக்குக் குளிராதோ?"

ரோல்ஸ் வைத்தது என் பூப்போட்ட தட்டில். அறுபது வருஷத்துக்கு மேல் திருப்பித் தராத தட்டு. அன்றே கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவவிடம் இருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். வருகிற கிழமை என் உதவிப் பணத்தை விசாரிக்க அதே அலுவலகத்தில் இருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள். ஹீட்டரைப் போட மாட்டேன். தட்டை வெறுமையாக மேசையில் வைப்பேன்.