மூன்று வாரத்து முட்டை

உப்புத் தண்ணீர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்க்க எங்களிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. தண்ணீர் தடிக்கத் தடிக்க அது மேலே எழும்பும். இருபத்தைந்து டிகிரி காட்டினால் உப்பு படிகிற கடைசிப் பாத்திக்குத் திறந்துவிடலாம். அதை வரம்பில் வழுக்கி விழுந்து உடைத்தேன்.

பக்கத்துப் பாத்தி மச்சானிடமும் ஒன்று உண்டு. ஆனால் கேட்டால் குழாயோடு அரைமணிநேரக் கதையும் வரும். ஆகவே ஒரேயொரு தடவை, அவருடைய இருபத்தைந்து டிகிரித் தண்ணீரில் ஒரு முட்டையை மிதக்கவிட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டேன்.

ஒரு முட்டை போல் இன்னொன்று இராது, அளக்கிற சாமானை மாற்றக் கூடாது என்பது என் விஞ்ஞானம். தகரக் கொட்டிலில் அந்த முட்டையைப் பாதுகாத்தேன். மனைவி பொரிக்க எடுத்தபோது பறித்துக்கொண்டேன்.

“கோழியும் இப்படி அடைகாக்காது,” என்றாள்.

கடைசிப் பாத்தியில் விரல் கனத்துக்கு உப்பு படிந்திருந்தது. இன்னொரு தடவை தண்ணீர் விட்டு, மழைக்கு முன் வாரிவிட வேண்டும். கற்பிட்டிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது வாரம் முந்திய பாத்தியில் முட்டை வட்டம் வரை எழும்பியது. திறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் உப்பு கூடியிருக்கவில்லை, இருந்ததும் கரைந்துகொண்டிருந்தது. மச்சானைக் கூப்பிட ஓடினேன்.

அவர் குழாயை விட்டுப் பார்த்தார். இருபத்தொன்று.

“எதால அளந்த?”

முட்டையைக் காட்டினேன்.

“எப்பத்த முட்டை?”

“உங்கட பாத்தியில வட்டம் போட்ட அதே முட்டைதான் மச்சான். மாத்தவே இல்ல.”

அவர் கிணற்றுத் தண்ணீர் வாளியில் ஒரு புது முட்டையையும் என்னுடையதையும் போட்டார். புதியது அடியில் படுத்தது. என்னுடையது பொலிஸ்காரன் மாதிரி நிமிர்ந்து நின்றது.

“நாள் போனா முட்டை லேசாகும்டா. எழும்பினது உன்ட முட்டை, தண்ணியில்ல!”

சிரிக்க நேரமில்லை. அவர் மட்டும் எப்படியோ நேரம் கண்டுபிடித்துச் சிரித்தார். தண்ணீரைப் பம்பு போட்டு முந்திய பாத்திக்கே திருப்பினோம். எஞ்சிய உப்பை மனைவியையும் சேர்த்து மூவருமாக வாரி மேட்டில் குவித்து, தென்னோலைக் கிடுகு போட்டு மூடும்போது பின்னேரமாகிவிட்டது. நினைத்ததில் பாதி இருக்கும்.

மனைவி குவியலைப் பார்த்தாள். “மத்தப் பாதி எங்க?”

“கவலப்படாதீங்க தங்கச்சி,” என்றார் மச்சான், முந்திய பாத்தியைக் காட்டி. “அது அந்தப் பாத்தியில தண்ணியா இருக்கு.”

அப்போது மழை தொடங்கியது.