விதை கேட்டு வாங்கிய கதை

எங்கள் தொழிலில் ‘கம்யூனிட்டி’ என்று ஒரு சொல் உண்டு. தாவர மூலக்கூறு உயிரியல் படித்தவர்கள் கொஞ்சம் பேர் ஒரு ஏசி அறையில் கூடி உட்கார்ந்து பன்னீர் சாப்பிட்டால் அதற்குப் பெயர் கம்யூனிட்டி. எல்லார் கழுத்திலும் அட்டை தொங்கும், தோளில் சணல் பை தொங்கும், பையின் மேல் ஒரு பச்சை இலை அச்சடித்திருக்கும். முதலில் பேசுகிறவர் எழுந்து, நாம் எல்லோரும் ஒரே குடும்பம், பகிர்ந்துகொண்டால்தான் அறிவியல் வளரும் என்று வாய் கிழியப் பேசுவார். உடனே கைதட்டல். பெங்களூரில் இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. நானும் பல வருஷம் போய் கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நான் லிங்கராஜபுரத்தில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அவர் போன பிறகு அம்மாவை இங்கே அழைத்துக்கொண்டேன். முனைவர் பட்டம், அப்புறம் கொஞ்ச காலம் வெளிநாடு, திரும்பி வந்ததும் நகரத்தின் இன்னொரு கோடியில் ஒரு ஆய்வகத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். ஒப்பந்தம் என்றால் வருஷா வருஷம் தலைவர் கையெழுத்துப் போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை. தெருவில் எல்லோரும் என்னை சயின்டிஸ்ட் என்பார்கள். மாடி வீட்டுப் பையன் மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த முதல் மாதமே வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தான். எனக்கு வங்கியில் கிரெடிட் கார்டு கூடக் கொடுக்கவில்லை.

நிரந்தர வேலைக்கு வயது வரம்பு உண்டு. நான் சொல்கிற வருஷம் எனக்குக் கடைசி வருஷம். கையில் ஒரு நல்ல கட்டுரை இருந்தால் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் இத்தனை வருஷம் படித்ததும் உழைத்ததும் அதோடு முடிந்தது.

கட்டுரை இதுதான். நெல் பூக்கிற நேரத்தில் வெப்பம் அளவு மீறினால் மணி பிடிக்காது, பதராகிவிடும். ஓரளவு சூடு வரைக்கும் அப்படி ஆகாமல் சாதாரண நெல்லைக் காக்கும் ஒரு மரபணுவை நான் கண்டுபிடித்திருந்தேன். அதை நிரூபிக்க ஒரு வழி உண்டு. அந்த மரபணு உடைந்துபோன நெல் வகை ஒன்றை வாங்கி வெப்ப அறையில் வளர்க்க வேண்டும். அது பதராகிவிட்டால் நான் சொன்னது சரி. கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் அதைச் செய்து காட்டச் சொன்னார்கள். நியாயமான கேள்விதான், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அந்த நெல் வகையை உருவாக்கியவர் இதே ஊரில் இருந்தார். பெரிய பேராசிரியர். எங்கள் வட்டாரத்தில் அவரைப் பெரியவர் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கூட்டங்களில் பகிர்தலைப் பற்றிய அமர்வுக்கு நிரந்தரத் தலைவர் அவர்தான். அவருடைய கட்டுரையின் கடைசியில், எல்லாக் கட்டுரைகளிலும் இருப்பதுபோல, விதை வேண்டுவோருக்குத் தரப்படும் என்று அச்சாகியிருந்தது.

வேண்டினேன். ரொம்ப நாள் கழித்து ஒரு வரி பதில் வந்தது. விதையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். அரசாங்க ஆபீசில் ‘சார் மீட்டிங்ல இருக்கார்’ என்பார்களே, எங்கள் தொழிலில் அதற்குச் சமமான வாக்கியம் இது. மறுபடி எழுதினேன். இந்தத் தடவை பெரியவர் எங்கள் ஆய்வகத் தலைவரைக் கூப்பிட்டு, உங்கள் பெண் என்ன செய்கிறாள், சோதனைப் படங்களையெல்லாம் அனுப்புங்கள் பார்க்கலாம் என்றார். எங்கள் தலைவர் எல்லாவற்றையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார். கட்டுரையில் பெரியவருடைய பெயரும் சேர்க்கப்படும் என்று முடிவான பிறகு ஒரு பழுப்புக் கவரில் விதை வந்து சேர்ந்தது. காசியிலிருந்து வந்த தீர்த்தம்போல அதைத் தலைவர் இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் கொடுத்தார்.

முளைக்கவிட்டேன். நாற்று விரல் நீளம் வந்ததும் இலை நுனியைக் கிள்ளி டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் மரபணு உடைந்திருக்கிறதா என்பது இரண்டொரு நாளில் தெரிந்துவிடும். கல்லூரிப் பிள்ளைகள் செய்கிற சோதனை. தலைவரிடம் சொன்னேன்.

“எதுக்கும்மா அதெல்லாம்?” என்றார். “அவர் குடுத்ததை நாம செக் பண்ணினோம்னு தெரிஞ்சா என்ன நினைப்பார்?”

“எப்படி சார் தெரியும்? நான் சொல்லப்போறதில்லையே.”

“இந்த ஊர்ல எதுவும் தெரியாம இருக்காது. நாளைக்கு செலக்‌ஷன் கமிட்டில அவர்தான் உட்காருவார். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு இது. அதைப் படித்து, அதில் சம்பளம் வாங்கி, அதில் ஆய்வகமே நடத்துகிறவர், சோதித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்கிறார். மொய்க் கவரை வாங்கிய இடத்திலேயே பிரித்துப் பார்ப்பது மாதிரி அவருக்குப் பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். நாற்றை அப்படியே தொட்டிக்கு மாற்றினேன்.

மாதக்கணக்கில் வளர்த்தேன். பூக்கும் சமயத்தில் வெப்ப அறைக்கு மாற்றி, ஞாயிற்றுக்கிழமையும் கோயில் ஆராதனைக்குப் போகாமல் போய்ப் பார்த்துக்கொண்டேன். கதிர் தலை சாய்ந்தது. நசுக்கிப் பார்த்தேன், பால் பிடித்திருந்தது. அடுத்த சில வாரங்களில் மணி முற்றியது. ஒரு பதர் இல்லை. அவ்வளவு சூட்டிலும் மணியெல்லாம் கொழுகொழுவென்று நின்றது. பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சூப்பரா வந்திருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் போய் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்தும் முகம் சரியாகவில்லை. அம்மா கேட்டாள். சொன்னேன்.

“பயிரு நல்லா வந்துச்சுன்னு அழுவுறவள இப்பத்தான் பாக்கறேன்” என்றாள் அம்மா.

“அது பதராவணும்மா. பதரானாத்தான் எனக்கு வேலை.”

“ரெண்டு கட்டு கொண்டாந்தா அறுப்புப் பண்டிகைக்குக் குடுக்கலாம். நம்ம கோயில்ல ஏலம் போட்டா நல்லாப் போவும்.”

ஆய்வகப் பயிரை வெளியே கொண்டுவரக் கூடாது, ஆவியில் வேகவைத்து எரித்துவிட வேண்டும் என்று விளக்கினேன். விளைந்த நெல்லை எரிக்கிறதுக்கா காலையில எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடுறே என்று கேட்டாள்.

அடுத்த நாள் இலையைக் கிள்ளி டி.என்.ஏ. சோதனை செய்தேன், யாரையும் கேட்கவில்லை. மரபணு எங்கேயும் உடையவில்லை, முழுசாக இருந்தது. வந்தது சாதாரண நெல். படத்தைத் தலைவரிடம் காட்டியதும் அவருக்கு வியர்த்துவிட்டது. பெரியவருக்கு மரியாதையாகத்தான் எழுதினோம். உங்கள் ஆய்வகத்தில் விதை கலந்திருக்கும், அனுபவமில்லாதவர்கள் கையாண்டால் இப்படி நடப்பது சகஜம் என்று பதில் வந்தது. பெருந்தன்மையாக இன்னொரு பொட்டலமும் அனுப்பினார். முளைத்த வாரமே சோதித்தேன். அதுவும் சாதாரண நெல்தான். தலைவரை வரவழைத்துப் படத்தை நேரிலேயே காட்டினேன்.

“விட்டுடும்மா. வேற ஏதாவது வழி பார்க்கலாம்” என்றார்.

வேறு வழி ஒன்றும் இருக்கவில்லை. கட்டுரை திரும்பி வந்துவிட்டது. சின்னப் பத்திரிகை ஒன்றில் அரைகுறையாக வெளியிட்டு, அதை வைத்து வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. அதற்கு முந்தின மாதம் அந்த வருஷத்துக் கம்யூனிட்டி கூட்டம்.

பெரியவர் பேசினார். திரையில் இந்திய வரைபடம். பெங்களூரிலிருந்து நாலா பக்கமும் அம்புகள் பாய்ந்தன. அவர் விதை அனுப்பிய ஊர்களாம். ஒரு அம்பு பெங்களூரிலேயே புறப்பட்டுப் பெங்களூரிலேயே முடிந்தது, அது நாங்கள். கொடுப்பதில் இருக்கிற ஆனந்தத்தைப் பற்றி அவர் உருகி உருகிப் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் மைக்கை வாங்கினேன். இங்கிலீஷில் கேட்டேன், தமிழில் இவ்வளவுதான்.

“இந்த விதை எங்களுக்கு ரெண்டு தடவை வந்தது. ரெண்டு தடவையும் சாதாரண நெல்லா இருந்தது. அந்த அம்புகள் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து இங்கே நிறையப் பேர் வந்திருக்கீங்க. யாருக்காவது எங்களுக்கு நடந்த மாதிரியே நடந்திருந்தா தயவுசெஞ்சு கையைத் தூக்குங்க.”

ஒருவரும் தூக்கவில்லை. பாதிப் பேர் அப்போதுதான் போனில் ஏதோ அவசரமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் எங்கள் தலைவர். இரண்டு சோதனைப் படங்களையும் கண்ணால் பார்த்தவர். அவர் சணல் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். பெரியவர் கோபப்படவே இல்லை. இளைஞர்களுக்கு அடிப்படைப் பயிற்சி முகாம் ஒன்று நடத்தலாம் என்று தோன்றுகிறது என்றார். சபை சிரித்தது. அப்புறம் கைதட்டல்.

தேநீர் இடைவேளையில் தமிழ்நாட்டு வேளாண் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஆசிரியர் என் பக்கத்தில் வந்து நின்று, சுவரைப் பார்த்தபடி பேசினார். “எங்களுக்கும் அதேதாம்மா. ஒரு பொண்ணோட பிஎச்.டி.யே அதுல போச்சு. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதே.” அவர் நகர்ந்ததும் ஒரு கன்னடக்கார அம்மாள் வந்தார். “நம்கூ ஹங்கே ஆய்து” என்று, தங்களுக்கும் அப்படியே ஆனதைக் கன்னடத்தில் கிசுகிசுத்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கடைசியாக வந்தவர் பெரியவரோடு முன்பு வேலை பார்த்தவர். கையில் பிஸ்கட்.

“அந்த விதை அவர்கிட்டயே இல்லையேம்மா” என்றார். “விதை வச்சிருந்த ரூம்ல ஏசி கெட்டுப்போய் எல்லாம் எப்பவோ முளைப்பு செத்துப்போச்சு. கேக்கறவங்களுக்கு இல்லேன்னு சொன்னா கௌரவக் குறைச்சல்னு இருக்கிற நெல்லை அனுப்புவார். எல்லாருக்கும் தெரியுமே, உனக்குத் தெரியாதா?”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாங்கியிருக்கிறார்கள், நட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், மாணவர்களைத் திட்டியிருக்கிறார்கள், கட்டுரையின் அடியில் அவருக்கு நன்றியும் போட்டிருக்கிறார்கள். இவர்களோடு சேர்ந்து இத்தனை வருஷம் கைதட்டியதை நினைக்க அருவருப்பாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேர்முகத்தில் எதிர்பார்த்தபடியே பெரியவர் உட்கார்ந்திருந்தார். நெல்லைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சக ஆராய்ச்சியாளர்களோடு ஒத்துப்போவீர்களா என்று மட்டும் கேட்டார். ஒத்துப்போவேன் என்றேன். முடிவு வந்தபோது பட்டியலில் என் பெயர் இல்லை. வயது வரம்பையும் அதோடு தாண்டிவிட்டேன்.

எங்கள் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வேறு எங்காவது முயற்சி செய், நல்ல சிபாரிசு எழுதித் தருகிறேன் என்றார். நான் காபியைத் தொடவில்லை.

“நீங்க ஏன் சார் அன்னிக்குக் கை தூக்கலை?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். “அத்தனை பேர் சும்மா இருக்கும்போது நான் ஒருத்தன் தூக்கி என்னம்மா ஆயிருக்கும்?”

“நான் பொய் சொல்லலைன்னு ஆயிருக்கும் சார்” என்றேன்.