குடை பிடித்தவள்

சனிக்கிழமை கிளேட்டனில் கீரை வாங்கப் போனேன். பக்கத்துச் சீனக் கடையிலிருந்து சிவப்பு இலந்தையும் தாமரை விதையும் சேர்ந்து கொதிக்கும் வாசனை. கீரையை மறந்து நின்றுவிட்டேன். சீனக் கல்யாணங்களில் மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் தேநீருக்கு இதே வாசனைதான். நான் பார்த்த ஒரே சீனக் கல்யாணம் மெய் லிங்குடையது. பார்த்ததோடு நின்றிருக்கலாம்.

மெய் லிங் ஈப்போக்காரி. அவள் அப்பாவின் மளிகைக் கடை தமிழர்கள் நடுவில் இருந்ததால், என்னைவிட வேகமாகத் தமிழில் சண்டை போடுவாள். படிக்க வந்த காலத்தில், கிளேட்டனில் ஒரே வீட்டில், ஒரே ரைஸ் குக்கரில் நான்கு வருடம் சாப்பிட்டோம். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை வாசலில் மறித்துப் பாகற்காய் தின்னவைக்கவும், அவள் கிளம்பும்போது தலைக்கு மேல் சிவப்புக் குடை பிடிக்கவும் என்னைத்தான் கேட்டிருந்தாள். கெட்டது எதுவும் மணப்பெண் மேல் விழாமல் அந்தக் குடை காக்குமாம்.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்பு ஊரில் என் அப்பா இறந்துபோனார். காரியம் முடித்துத் திரும்பியதும், நான் வரவில்லை என்று நானே சொன்னேன். துக்கம் நடந்து நூறு நாள் ஆகாதவர்கள் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. (எங்கள் ஊரில் மட்டும் மணமேடைக்குக் கூப்பிட்டு உட்காரவைப்பார்களா என்ன?)

"நீ வராம எனக்கு என்ன கல்யாணம் லா? அப்பா போனத யாருகிட்டயும் சொல்லாத," என்றாள் மெய் லிங்.

போனேன். பாகற்காயைக் கடித்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நான்தான். அப்பா போனபிறகு அன்றுதான் சிரித்தேன். குடையும் பிடித்தேன், கை வலிக்க வலிக்க.

பத்து மாதத்துக்குள் அவளுக்கு ஒரு கரு உண்டாகிக் கலைந்தது. இஞ்சி போட்டுக் கோழி சூப் வைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். மாமியார் அன்பாகத்தான் பேசினார், ஆங்கிலத்தில். கிளம்பும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், அடுத்த வாரம் அப்பாவின் வருஷ திதிக்கு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். மாமியார் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ என்கிட்ட சொல்லவே இல்ல," என்றாள் மெய் லிங், சுவரைப் பார்த்தபடி.

நான் மறுக்கவில்லை. படுத்துக் கிடப்பவளிடம் என்ன வாதாடுவது? பிறகு கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வாள் என்று மாதக்கணக்கில் போனைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. சொல்லவேண்டிய பதிலை ரயிலில் முணுமுணுத்து, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனதுகூட உண்டு. ஆனால் கேளுங்கள், சில நாள் எனக்கே தோன்றியது, ஒருவேளை என் கையால்தானோ என்று. அப்படி நினைக்கவைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மல்கிரேவ் ஆபீஸில் உடன் வேலை பார்த்த, எங்கள் இருவருக்கும் பழக்கமான சுதா சிவப்புச் சாயம் போட்ட முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்தால் சீனர்கள் வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுப்பது.

"மெய் லிங் அனுப்பினா. உனக்கு வரலையா?"

"வந்துச்சு," என்றேன்.

நாங்கள் இருந்த வீட்டை இடித்து மூன்று யூனிட் கட்டிவிட்டார்கள். அவள் சிட்னிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. வந்தது என்று சொல்லிவிட்டதால், அன்றைக்குச் சுதாவிடம் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.