முதல் ஸ்பூன் மான்சிக்

தோங்யோங் துறைமுகச் சந்தையில் பியோ மான்சிக்கின் கடை எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். ஸ்பூன் மான்சிக் எங்கே என்று கேட்டால் எல்லோரும் என் சாறுக்கடையைக் காட்டுவார்கள். கயிறும் மிதவையும் விற்பது அவன் தொழில். முதல் ஸ்பூனைத் தூக்குவது அவன் பதவி.

காலை ஆறரைக்கு ஜன்னலோர மேசையில் மூன்று பேர் வந்து உட்காருவார்கள். விலாங்கு எலும்பும் காய்ந்த முள்ளங்கித் தழையும் போட்டுக் கொதித்த சாறு ஆவி பறக்க இறங்கும். கூடவே சோறு, கிம்ச்சி ஊறுகாய், நெத்திலி, பச்சை மிளகாய். மேசைக்கு மூத்தவன் ஸ்பூனைத் தூக்காமல் மற்றவன் தூக்கக் கூடாது. அந்த மூத்தவன் மான்சிக். அவன் லேசில் தூக்க மாட்டான். முதலில் கடலைப் பார்ப்பான். தொண்டையைச் செருமுவான். ஸ்பூனைத் துடைப்பான். துடைத்த ஸ்பூனில் தன் மூக்கைப் பார்த்துக்கொள்வான். ஒருமுறை அவன் மூக்கைப் பார்த்து முடிப்பதற்குள் எதிர்க்கரையில் ஒரு கப்பலைக் கட்டி முடித்துத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் முடிதிருத்துகிற பாங்கைக் கேளுங்கள். பசி தாங்காமல் ஜன்னல் வழியாக அந்தக் கப்பலுக்குக் கையசைத்தவன் அவன்தான்.

பாங்குக்கு அறுபத்துநாலு வயது. மேசைக்கு இளையவன், ஆகவே தண்ணீர் ஊற்றுவதும் ஸ்பூன் எடுத்து வைப்பதும் அவன் தலையில். நடுவில் இருப்பவன் தாக் கிஜுன், சிப்பிப் படகுகளின் இஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவன். எங்கள் ஊரில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகத்தின் பெயர். மான்சிக் பிறந்தது புலி வருடம், கிஜுன் பிறந்தது அதற்கடுத்த முயல் வருடம். ஒரே ஒரு வருட வித்தியாசம். ஆனால் எங்கள் மேசைகளில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. கிஜுன் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டு கையாலும்தான் அரிசிக் கள் ஊற்ற வேண்டும். அவன் எதிரே குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பித் திருப்பி கிஜுனின் கழுத்தே ஒரு பக்கமாக நின்றுவிட்டது. படகில் நேராகப் பார்க்க வேண்டுமென்றால் அவன் குறுக்கே திரும்பி உட்காருகிறான்.

இத்தனை மரியாதைக்கும் பதிலாக மூத்தவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சாப்பிட்டதற்குக் காசு அவன்தான் கொடுக்க வேண்டும். மான்சிக் நாற்பது வருடமாகக் கொடுத்தான், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போன வசந்தத்தில் நாலாவதாக ஒருவன் சேர்ந்தான். டிர்க் என்ற ஹாலந்துக்காரன். பக்கத்துத் தீவின் கப்பல் தளத்தில் இஞ்சினியர், குடியிருப்பது என் கடை மாடியில். எங்கள் மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவன் என்பதால் கல்வெட்டு எழுந்து வந்து பேசுவது போலப் பேசுவான். மான்சிக்குக்குக் கிடைத்த முதல் மாணவன். விடுவானா?

"டேய் தம்பி, சாப்ஸ்டிக்க சோத்துல குத்தி நிக்க வைக்காத. இங்க யாருக்குக் கருமாதி?"

"மன்னிக்க வேண்டுகிறேன், ஐயா. எவரும் மரணம் எய்தவில்லை."

"கிண்ணத்தக் கையில தூக்காத. பிச்சையா எடுக்குற?"

"குறித்துக்கொண்டேன், ஐயா."

"மூத்தவன் பாட்டுப் பாடினா கை தட்டணும். அதையும் குறிச்சுக்க."

"இது என் நூலில் இல்லையே, ஐயா."

"உன் நூல எழுதினவனுக்கு அண்ணன் இல்ல போலிருக்கு."

இப்படி ராஜாவாக இருந்தவன், ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மதிய நேரத்தில், பூனை மாதிரி உள்ளே வந்தான். ஜன்னலோரம் போகவில்லை. அண்டா பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, எங்க அக்கா வருது."

"வரட்டுமே. தீவுலேர்ந்து சர்க்கரைவள்ளிக் கெழங்கு கொண்டுவரும். எனக்கும் ரெண்டு குடு."

"சனிக்கிழமை முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி. அதுக்கு முன்னால இங்க வந்து சாறு குடிக்கணுமாம்."

"எண்பது வயசுப் பொம்பள சாறு குடிச்சா ஒனக்கு என்னடா நோவுது?"

அவன் வாசலைப் பார்த்தான். குரலைத் தணித்தான்.

"நான் புலி இல்லக்கா."

"தெரியும். ஒன் பொண்டாட்டியும் அதத்தான் சொல்றா."

"வெளையாடாதக்கா. நான் டிராகன்."

புலிக்கு அடுத்தது முயல், முயலுக்கு அடுத்தது டிராகன். அப்படியானால் இவன் கிஜுனுக்கு ஒரு வயது இளையவன். கையிலிருந்த கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். புலி வருடத்தில் அவன் அப்பாவுக்கு ஒரு பையன் பிறந்தான், மான்சிக் என்று பெயர் வைத்துப் பதிவும் செய்தார்கள். இரண்டு வயது ஆவதற்குள் அம்மை வந்து குழந்தை போய்விட்டது. சாவைப் பதிய யாரும் படகேறவில்லை. டிராகன் வருடத்தில் அடுத்த பையன் பிறந்தபோது, பெயர் இருக்கிறது, பதிவும் இருக்கிறது, எதற்கு வீணாக்க வேண்டும் என்றார் அப்பா. புதுக் குழந்தை பழைய காகிதத்துக்குள் குடிபோனது.

காகிதத்துக்கு உடம்பைவிட இரண்டு வயது அதிகம். அந்த இரண்டு வயதும் சேர்ந்து அவனை நன்றாக மொத்தின. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. வாத்தியார் எழுந்து நில் என்றால் நின்றானா உட்கார்ந்திருக்கிறானா என்று கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மீசை முளைக்கும் முன்பே பட்டாளத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே துப்பாக்கிதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது என்று சொல்வார்கள். பிறகு ஊருக்கு வந்து கயிற்றுக்கடை வைத்தான். முதல் நாளே சந்தையில் ஒருவன், எந்த வருடம் என்று கேட்டான். காகிதத்தில் இருந்தபடி, புலி என்றான். கேட்டவன் உடனே குனிந்து இரண்டு கையாலும் ஊற்றினான். கேட்டவன் பெயர் தாக் கிஜுன்.

அதுவரை அடி வாங்கிக் கொடுத்த இரண்டு வருடம், அன்றிலிருந்து மரியாதை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது.

"கிஜுனுக்குத் தெரிஞ்சா அடிப்பானா?" என்று கேட்டேன்.

"அடிச்சாக்கூட வாங்கிக்குவேன்க்கா. 'மான்சிக்கு, தண்ணி ஊத்துடா'ன்னு சொல்லிட்டா?"

அவன் கண் கலங்கிவிட்டது. நான் சிரிக்கவில்லை. அவன் கயிற்றுக்கடையை மகன் எடுத்துக்கொண்டான். வீடு எப்போதுமே மனைவி கையில். அவன் அசைந்தால் நாலு பேர் அசைகிற இடம் இந்த உலகத்திலேயே அந்த மேசை ஒன்றுதான்.

எட்டு மணிப் படகில் அக்காவை இறக்கி நேராக டாக்ஸியில் ஏற்றிவிடுவது என்று முடிவானது. தப்பித்தவறி இங்கே வந்துவிட்டால், சாறு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். பொய் சொல்ல என்னை யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரை. மான்சிக் கடலைப் பார்த்தாயிற்று, செருமியாயிற்று. ஸ்பூனைத் துடைத்து மூக்கைப் பார்த்தான். ஸ்பூனில் மூக்குக்குப் பின்னால் ஒரு கிழங்கு மூட்டையும் அதற்குக் கீழே அவன் அக்காவும் தெரிந்தார்கள். எட்டு மணிவரை காத்திருக்கப் பொறுக்காமல் மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டாள் பியோ சுன்டோக்.

"சாறு தீந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"அப்ப அந்த அண்டாவுல என்ன, துணியா வேகுது?" என்றாள் சுன்டோக். மூட்டையை இறக்கினாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். மான்சிக்கின் முகம் முள்ளங்கி மாதிரி வெளுத்தது. இருந்தாலும் சுதாரித்துக்கொண்டான்.

"அக்கா, நீதான் பெரியவ. தூக்கு, சீக்கிரம் சாப்புடு, டாக்டர் போயிடுவாரு."

"இருடா. கூட ஒக்காந்திருக்கவங்களத் தெரிஞ்சுக்க வேணாமா?" அவள் கிஜுன் பக்கம் திரும்பினாள். "தம்பி நீங்க எந்த வருஷம்?"

"முயல் வருஷம்க்கா."

"அடடே, அப்ப எங்க மான்சிக்கவிட ஒரு வயசு மூத்தவரு!" சொன்ன வேகத்தில் தம்பி முதுகில் ஓர் அறை விட்டாள். "ஏண்டா, பெரியவர ஓரத்துல தள்ளிட்டு ஜன்னலோரம் நீ ஒக்காந்திருக்கியா? எந்திரிடா!"

டிர்க் நோட்டைப் புரட்டினான்.

"பொறுத்தருள்க. புலிக்குப் பின்னர் அல்லவா முயல்?"

பாங்கு மேசைக்கடியில் அவன் காலை மிதித்தது எனக்கே கேட்டது.

"புலியா? புலி செத்து எழுபது வருஷம் ஆச்சேப்பா. இவன் டிராகன்" என்றாள் சுன்டோக். பிறகு அம்மை, காகிதம், அப்பா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மான்சிக் எழுந்தான். ஜன்னலோரத்திலிருந்து விலகி வந்தான். தன் ஸ்பூனை இரண்டு கையாலும் எடுத்து கிஜுன் முன்னால் வைத்தான்.

"நீங்க தூக்குங்க... அண்ணே."

கிஜுன் அதைத் தொடவில்லை. "ஒக்காருங்கண்ணே. எனக்கு இருவத்திரெண்டு வருஷமாத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். ஒங்கம்மா போனப்ப, மூணாம் நாளு, குடிச்சுட்டு என் தோள்ல சாஞ்சு அழுதுகிட்டே சொன்னீங்க. சொல்லிட்டு என் சட்டையிலயே வாந்தி எடுத்தீங்க. மறுநாள் ரெண்டுமே ஒங்களுக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கும் தெரியும்" என்றான் பாங்கு. "முடி வெட்டுறவன்கிட்ட யாரு எதத்தான் மறைக்கிறாங்க?"

மான்சிக் கிஜுன் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சும் ஏண்டா சும்மா இருந்த?"

"சொல்லிட்டு? தெனம் காலைல நான் காசு குடுக்குறதா?"

பாங்கு சிரித்தான். மான்சிக் சிரிக்கவில்லை. ஸ்பூனை மறுபடியும் கிஜுன் பக்கம் நகர்த்தினான். "எனக்குத் தெரியாம நீ விட்டுக்குடுத்தது வேற. எல்லாருக்கும் தெரிஞ்சப்பறம் நான் எப்புடித் தூக்குறது? நீங்கதான் மூத்தவரு."

"நான் மாட்டேன். ஒங்க எடம் அது."

"காகிதத்தோட எடம்டா அது. என்னோடது இல்ல."

ஸ்பூன் இங்கிருந்து அங்கே போனது, அங்கிருந்து இங்கே வந்தது. சாற்றின் மேல் ஏடு கட்டியது. டிர்க்கின் வயிறு ஹாலந்து மொழியில் ஏதோ முறையிட்டது.

"எனில், இன்று எவரும் உண்ண இயலாதா?" என்று கேட்டான்.

"அக்கா, நீங்களாவது தூக்குங்க" என்று பாங்கு கெஞ்சினான்.

"நான் விருந்தாளி. என் தம்பி அண்ணனா தம்பியான்னு முடிவாகாம எனக்குத் தொண்டையில எறங்காது" என்றாள் சுன்டோக். எனக்கும் எழுபத்தொன்பது வயது ஆகிறது, நான் தூக்கியிருந்தாலும் செல்லும். தூக்கினவள்தான் காசு விட வேண்டும் என்பதால் அண்டாவை மும்முரமாகக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கிஜுன் கையைத் தட்டினான்.

"கொறையுறது ஒரு வயசுதானே? சாப்ட்டு ஏத்திக்குங்க. அக்கா, கொழுக்கட்டைச் சாறு வைக்க முடியுமா?"

எங்கள் பக்கத்தில் வயது தானாக ஏறாது. புத்தாண்டுக் காலையில், அரிசிக் கொழுக்கட்டையை வட்ட வட்டமாக நறுக்கிப் போட்ட சாறு ஒரு கிண்ணம் சாப்பிட வேண்டும். அப்போதுதான் ஒன்று கூடும். சீக்கிரம் பெரிய ஆளாக வேண்டும் என்று மூன்று கிண்ணம் சாப்பிட்டு வயிறு வீங்கிய பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆனால் அதை ஜூன் மாத வெயிலில் அடுப்பில் ஏற்றியவள் இந்தக் கடற்கரையிலேயே நான் ஒருத்திதான்.

"ஒரு கிண்ணம் சாப்ட்டா எனக்குச் சமம்" என்றான் கிஜுன். "ரெண்டாவதயும் முடிச்சா எனக்கு அண்ணன். இவ்வளவுதான் கணக்கு."

"இவ்வாறான விதியும் உள்ளதா?" டிர்க் பென்சிலைச் சீவினான்.

"இப்பதான் வந்துச்சு. எழுதிக்க" என்றான் பாங்கு.

மான்சிக் மேசையின் ஓரத்தில், இளையவன் இடத்தில் உட்கார்ந்தான். நான் வைத்த கிண்ணங்கள் சின்னவை அல்ல. ஒன்றில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம். முதல் கிண்ணம் மளமளவென்று இறங்கியது. இரண்டாவதில் பாதி வந்தபோது பெல்ட்டைத் தளர்த்தினான். நெற்றியெல்லாம் வேர்வை. கொழுக்கட்டைத் துண்டு ஒன்று வாய்க்குள் போகாமல் உதட்டிலேயே நின்றது.

"போதும்டா" என்றேன். "பாக்கிய அடுத்த வருஷம் சாப்புடு."

அவன் முடியாதென்று தலையை ஆட்டினான். சுன்டோக் தன் முட்டியைத் தடவியபடி, யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"அந்தப் பெரிய பையன் ஒரே ஒரு புத்தாண்டுதான் பாத்தான். பல்லு மொளைக்கல. கொழுக்கட்டைய நான்தான் மென்னு மென்னு வாயில வச்சேன். துப்பிட்டுத் துப்பிட்டுச் சிரிச்சான்." பிறகு "சாப்புடுடா. அவன் வச்சுட்டுப் போனது" என்றாள்.

மான்சிக் குனிந்த தலை நிமிரவில்லை. கிண்ணத்தின் அடியில் ஸ்பூன் உரசுகிற சத்தம் வரும்வரை சாப்பிட்டான். பாங்கு எழுந்து தண்ணீர் ஊற்றி வைத்தான்.

பிறகு கிஜுன் எழுந்து ஜன்னலோர நாற்காலியை இழுத்தான். மான்சிக் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் அதில் இறங்கினான். கிஜுன் இரண்டு கையாலும் அரிசிக் கள் ஊற்றினான், முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பங்கைக் குடித்தான். நான் விலாங்குச் சாற்றைச் சூடாக்கி எல்லோருக்கும் கொண்டுவந்து வைத்தேன்.

"அண்ணே, தூக்குங்க. பசி உசிரு போவுது."

அவன் வயிற்றில் ஒரு பருக்கைக்குக்கூட இடமில்லை. ஆனால் மூத்தவன் தூக்காமல் எப்படி? கடலைப் பார்க்கவில்லை, செருமவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை. ஸ்பூன் நுனியைச் சாற்றில் தொட்டு உதட்டில் வைத்தான். ஒரு முனகல் முனகினான். அவ்வளவுதான், மற்ற நாலு பேரும் கிண்ணத்துக்குள் பாய்ந்தார்கள். சுன்டோக்தான் முதலில் முடித்தாள்.

கிஜுன் வாயைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, எதிர்க்கடையில காப்பி நல்லாருக்குமே. அக்காவுக்கும் சேத்துச் சொல்லலாமா?"

மான்சிக் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டைப் பையைத் துழாவினான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"சொல்லுடா" என்றான். "கேக்கும் வேணுமான்னு கேளு."