பதினொரு கையெழுத்து

உரும்பிராயில் வெங்காயம் செய்கிற சிவகௌரிக்கு விவசாயிகள் சங்கத்தின் பணிப்பாளர் சபையில் இடம் கிடைத்தது சட்டத்தால்தான். ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்று சட்டம் வந்ததும், தலைவர் பொன்னம்பலத்தார் வேப்பெண்ணெய் குடித்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு அவள் பெயரைப் போட்டார். வாய் திறக்கமாட்டாள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆள் பார்க்கத் தெரியாத மனிதர்.

அவள் சம்மதித்தது ஒரே ஒரு காரியத்துக்காக. விவசாயி நூறு கிலோ விற்கக் கொண்டுபோனால், 'கழிவு' என்று சொல்லிப் பத்துக் கிலோவைச் சங்கம் சும்மா எடுத்துக்கொள்ளும். அந்தப் பகற்கொள்ளையை நிறுத்த வேண்டும்.

ஆனால் மாதக் கூட்டம் எப்போது என்றே அவளுக்குச் சொல்வதில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் செயலாளர் கஜீபன் கூட்ட அறிக்கைப் புத்தகத்தோடு மோட்டார்சைக்கிளில் வந்து நிற்பான்.

"அக்கா, உதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ. வாசிச்சு மினக்கெடாதேங்கோ."

"ஓம் தம்பி, நில்லுங்கோ, வாறன்."

மண் கையைக் கழுவிவிட்டு வந்து கையெழுத்திடுவாள். கீழே ஏதோ எழுதுவாள். கஜீபன் போனை நோண்டிக்கொண்டு நிற்பான். பெண் எழுதியதை வாசிக்கிற பழக்கம் அந்தச் சபையில் எவனுக்கும் இல்லை.

பதினொரு மாதம் இப்படியே போயிற்று. பிறகு அந்த ஒரு கதிரையும் பொன்னம்பலத்தாரின் கண்ணை உறுத்தியது. பெண்ணுக்கென்று இடம் ஒதுக்குவது ஆண்களின் சமவுரிமையைப் பறிக்கிறதாம், சட்டமே செல்லாதாம். வழக்குப் போட்டார்கள். எட்டுக் கதிரையில் ஏழில் குந்தியிருந்துகொண்டு சமவுரிமை கேட்டு அழுத வெட்கங்கெட்ட கூட்டம்! அவர்கள் வென்றால் சிவகௌரி வெளியே. கழிவைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

"எங்கள் சபையில் பெண் பணிப்பாளர் எல்லாக் கூட்டங்களிலும் சமமாகக் கலந்துகொள்கிறார். இந்தச் சட்டம் எதற்கு?" என்று அவர்களின் சட்டத்தரணி நீதிமன்றத்தில் முழங்கினார். சான்றாக, அவள் கையெழுத்திட்ட பதினொரு பக்கங்களின் பிரதிகளையும் நீட்டினார்.

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தார்.

"கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை. கழிவை நிறுத்த வேண்டும்."

அடுத்த பக்கத்திலும் அதுவே. பதினொன்றிலும் அதுவே.

"இதை உங்களில் ஒருவரும் வாசிக்கவில்லையா?"

பொன்னம்பலத்தார் கஜீபனைப் பார்த்தார். கஜீபன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

"சட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். நீங்களே சான்று தந்திருக்கிறீர்கள்" என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே வந்ததும் பொன்னம்பலத்தார் பல்லைக் காட்டினார். "பிள்ளை, உந்த விசயத்தை எங்களிட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"பதினொரு தரம் சொன்னனான், ஐயா" என்றாள் சிவகௌரி. "அடுத்த கூட்டம் எத்தினை மணிக்கு?"