பல் டாக்டர் சொல்லாமல் விட்டது

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. நேரம் குறிக்கும் நோட்டு என் கையில்தான் இருந்தது.

எலக்ட்ரிக்கல் கடைக்கு மேல் ஒரு மாடி அறை. வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடுவோம். வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு ஜாடியில் தண்ணீர், ஐந்து பேர். பிரார்த்தனை முடிந்ததும் தையல்காரம்மா கண்ணை மூடுவார். அவர் வாய் வழியாக ஆவிகள் பேசும். செத்தவர் யாரும் அழிந்துபோவதில்லை என்பது எங்கள் நம்பிக்கை. ஆனால் சிலருக்குத் தாங்கள் செத்ததே தெரியாது. பழைய இடத்தையே சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைப்பது பல் டாக்டரின் வேலை. "வலிக்காது, ஒரே நிமிஷம்" என்று பல் பிடுங்கும் அதே குரலில் நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பார். மனுஷர் கெட்டிக்காரர்.

அவருடைய மனைவி சமையலறையில் மயங்கி விழுந்து, கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு...

5:17. ஜாடித் தண்ணீர் லேசாக ஆடியது. மேசையை யாரும் தொடவில்லை.

5:19. தையல்காரம்மாவுக்கு எப்போதும் கரகரத்த தொண்டை. வந்த குரலோ மெல்லியது.

"என்னங்க... ஏன் இவ்வளவு நேரம்? நான் பேசினா யாருமே திரும்பிப் பார்க்க மாட்டேங்கறாங்க. பயமா இருக்குங்க."

டாக்டரின் முகம் வெளுத்துப்போனது. எல்லோரும் அவரையே பார்த்தோம். சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் விடுபடுவாள். சொன்னால் போயும்விடுவாள். முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவளிடம் நீ செத்துவிட்டாய் என்று எந்த வாயால் சொல்வார்?

"வலிக்..." என்று தொடங்கினார். பிறகு மாற்றிச் சொன்னார்:

"நீ வீட்டுக்குப் போம்மா. நான் பின்னாடியே வந்துடறேன்."

5:22. தண்ணீர் அசைவற்று நின்றது.

அதன் பிறகு எத்தனை வாரம் அழைத்தும் அவள் வரவில்லை. டாக்டரும் வருவதை நிறுத்திவிட்டார். வீட்டிலேயே கிடந்தார். கேட்டால், "அவ இருக்கா" என்பார், சிரித்துக்கொண்டே. அன்றிலிருந்து எட்டாம் மாதம் தூக்கத்திலேயே போனார். போகட்டும், இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்கள் பதினோரு நாளில் காலி செய்தார்கள். அந்தியானால் சமையலறையில் ஒரு பெண் குரல் கேட்கிறதாம். "வந்துட்டீங்களா?"

அடுத்த வெள்ளிக்கிழமை, 5:26...

தையல்காரம்மாவின் வாயில் டாக்டரின் குரல்.

"இங்க எல்லா இடத்திலயும் தேடிட்டேன். அவ எங்க?"